புதிய எஞ்சினும் செயற்கை எண்ணெயும்

புதிய மோட்டார் வண்டி வாங்கியவர் செயற்கை எண்ணெய்க்கு எப்பொழுது மாறலாம்? சில ஆயிரம் மைல் ஓடிய பின்னரே மாறவேண்டும் என்பது நெடுநாள் நிலவிய கொள்கை. அக்கொள்கை பிறந்ததற்கும் தளர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு.

முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கு உயவளித்தது ஆமணக்கெண்ணெயே. மோட்டார் வண்டிகளுக்கோ, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கனிம எண்ணெய் போதுமானதாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் (1939–1945) கச்சா எண்ணெய்ப் பஞ்சத்தால் நெருக்குண்ட ஜெர்மனியின் வேதியியலார், எஸ்டர் முதலிய சேர்மங்களிலிருந்து செயற்கை உயவெண்ணெய் ஆக்கினர். கடுங்குளிரில் கெட்டிப்படாமையும் பெருவெப்பத்தில் எளிதில் சிதையாமையும் அதன் சிறப்பு. பின்னர் ஜெட் விமானங்கள் அதனை ஏற்றன. 1970களில் மோட்டார் வண்டிகளுக்கும் அது விற்பனைக்கு வந்தது.

அப்பொழுதுதான் ஐயம் வலுத்தது. அந்நாளைய எஞ்சின்களில் சிலிண்டரின் உட்சுவர் சற்றே சொரசொரப்பாக இருக்கும். பிஸ்டன் வளையங்கள் அதனோடு உராய்ந்து, தேய்ந்து, பொருந்தி அமையவேண்டும். எண்ணெயின் வழுவழுப்பு மிகுந்தால் அப்பொருத்தம் வாய்க்காது. வாயு கசியும், எண்ணெயும் எரிந்து வீணாகும் என்று அஞ்சினர்.

ஆனால், சுவரை நுண்மையாகத் தீட்டும் முறைகள் வளர்ந்தன. 1992ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெட் வண்டி செயற்கை எண்ணெயுடனேயே ஆலையைவிட்டு வெளிவந்தது. பழைய அச்சத்திற்கு அது ஒரு கண்கூடான மறுமொழி.

ஆகவே விடை மைல் கணக்கில் இல்லை. வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. மாணவர்களே, ஒரு விதியைக் கற்கும்பொழுது அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். காரணம் மறைந்தபின் விதி வெறும் வழக்கமே.