குவோ ஸியின் மலை

சீன ஓவியர் தீட்டிய மலைகள் முகில்போலச் சுருண்டும், நண்டின் கால்போல் வளைந்த கிளைகளையுடைய மரங்களைத் தாங்கியும் நிற்றலின், அவற்றை வெறுங் கற்பனையென்று கூறுவோர் பலர். 1072ஆம் ஆண்டிலே குவோ ஸி வரைந்த 'இளவேனிலின் தொடக்கம்' என்னும் படத்தை ஊன்றி நோக்குவார்க்கு இக்கருத்து நில்லாது.

குவோ ஸி, ஷென்சொங் பேரரசனின் அவைக்கள ஓவியன். இப்படத்தின் உயரம் ஒன்றரை மீற்றருக்குச் சற்று அதிகம். பட்டின்மேல் மையும் மெல்லிய வண்ணமுமே உள. மலையின் விளிம்பை அவன் ஒரே கோட்டால் அடைத்துவிடவில்லை. வெளிறிய மையின்மேற் கரிய மையை ஒன்றன்மேலொன்றாக இழுத்துச் செல்கின்றான். கோடு எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகின்றதென்று பிரித்தறிதல் அரிது. பாறைகள் அசைவனபோலத் தோன்றுகின்றன. பனி உருகி மூடுபனி எழும் பருவத்தைக் காட்டுதற்கு இதனினும் ஏற்ற முறை வேறு யாது? பட்டிலே படிந்த மையை அழித்துத் திருத்தல் இயலாதென்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவன் கொள்கைகளை மகன் குவோ ஸு தொகுத்து வைத்தான். மலை அணித்தே நின்று காணுங்கால் ஓர் உருவும், சேய்மையிற் காணுங்கால் வேறோர் உருவும் உடையது. ஆகவே ஓவியன் மலையிடையே நடந்து பழகல் வேண்டும் என்பது அத்தொகுப்பின் கருத்து. அடியினின்று உச்சியை அண்ணாந்து நோக்கல், முன்மலையினின்று பின்மலையை ஊடுருவி நோக்கல், அண்மைக் குன்றினின்று தொலைவை நோக்கல் என மூவகைப் பார்வையை அது வகுக்கின்றது. மேலே கூறிய படத்தில் இம்மூன்றும் உள. ஒரே நிலையில் நின்று பார்க்கும் ஐரோப்பிய முறையை அறியாமையால் அவன் இவ்வாறு வரைந்தானென்பது பொருந்தாது. நடப்பவனுடைய கண்ணையே அவன் தீட்டினான். பிற்காலத்தார் தூரிகை வீச்சுக்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினர். 1679இல் வெளிவந்த 'கடுகு விதைத் தோட்டம்' என்னும் கைந்நூல் அவற்றை மாணவர்க்கு மாதிரிகளாக வழங்கியது. மலையை விட்டு மாதிரியைப் பார்த்து வரைவோர் பெருகியதற்கு அந்நூலும் ஒரு காரணமென்றே யாம் கருதுகின்றோம்.

ஷென்சொங்கின் அரண்மனையில் ஒரு மண்டபம் முழுவதும் குவோ ஸியின் படங்களே தொங்கின. 1100இல் அரியணையேறிய ஹுயிசொங், தானும் சிறந்த ஓவியனாயிருந்தும், அவற்றை அகற்றிப் பழம் படங்களை வைத்தான். டெங் சுன் என்பார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் இச்செய்தியைக் கூறுகின்றார். அவர் தந்தையார், குடும்பத்துக்கு அரசன் அளித்த மாளிகையைப் புதுக்கும்போது, ஒருவன் பழைய பட்டுத் துணியால் மேசை துடைப்பதைக் கண்டார். அதிலே மலைகள் இருந்தன. வினவியபோது, அது குவோ ஸியின் படமென்றும், அத்தகையன அரண்மனைக் களஞ்சியத்திற் குவிந்து கிடக்கின்றனவென்றும் அறிந்தார். அவற்றை அரசனிடம் வேண்டிப் பெற்று வண்டிகளில் ஏற்றி வந்து, தம் வீட்டுச் சுவர்களெங்கும் மாட்டி வைத்தார்.