சிறு விமானமும் அதன் காவலனும்

மாத்தளை மாவட்டத்தில், வத்தேகமவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில், ஹுன்னஸ்கிரி மலையை அண்டி அமைந்துள்ளது எல்கடுவ. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். காலையில் வெயில், சற்றுப் பொறுத்து முகில். விமானம் இறங்கத்தக்க சமநிலம் இங்கே இல்லை. ஆயினும் மலைக்கு மேலாகச் சிறு விமானமொன்று செல்லுமாயின் கொழுந்து பறிக்கும் கை ஒரு கணம் நிற்கும். கண் வானை நாடும். அந்த வியப்பு எவர்க்கும் பொதுவானது. அவ்விமானத்தைப் பறக்கச் செய்தது எது என்று பலரும் கேட்பர். அதனை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பறக்கத்தக்கதாக வைத்திருப்பது எது என்று கேட்போர் சிலரே.

எல்கடுவ போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இரண்டாவது கேள்வி புதியதன்று. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே, தந்தை காலத்து ரோலர் மகன் காலத்திலும் கொழுந்து அரைப்பதுண்டு. இயந்திரத்தைச் செய்தவன் கடல் கடந்த நாட்டிலே இருந்தான். அதனை வாழவைத்தவனோ எண்ணெய்க் கையுடன் அதன் அருகிலேயே நின்றான். விமானத்தின் வரலாறும் இத்தகையதே. ஆக்கியோரின் பெயர் நூல்களில் நிற்கிறது; காத்தோரின் கைவண்ணம் விமானத்திலே நிற்கிறது.

இலங்கைக்கும் சிறு விமானத்துக்கும் உள்ள உறவைச் சொல்லப் புகுவோர் 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாளை மறத்தலாகாது. அன்றுதான் இரத்மலானை விமான நிலையத்தில் முதலாவது விமானம் வந்திறங்கியது. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான கப்டன் டின்டேல்-பிஸ்கோ. விமானத்தின் வகை, டி ஹாவிலண்ட் நிறுவனத்தாரின் புஸ் மோத். மோத் என்றால் அந்துப்பூச்சி. நிறுவனத்தை அமைத்த ஜெப்ரி டி ஹாவிலண்ட் பூச்சியினங்களில் ஈடுபாடு மிக்கவர். ஆதலால் தம் சிறு விமானங்களுக்கெல்லாம் அப்பெயரையே சூட்டினார். அவ்வரிசையின் முதல் விமானம் 1925ஆம் ஆண்டு பெப்ரவரியில் பறந்தது. அதுவரை படைகளுக்கும் பெருஞ்செல்வர்க்கும் உரியதாயிருந்த வானம், அதன்பின் பறக்கும் கழகங்களுக்கும் தனி மனிதர்க்கும் திறந்தது. சொந்தக்காரனே விமானியாகவும் இருக்கும் காலம் அப்போது பிறந்தது.

புஸ் மோத் 1929இல் வெளிவந்தது. மூடிய அறை, இரும்புக் குழாய்ச் சட்டம், 120 குதிரைவலு இயந்திரம் ஆகியவற்றுடன் அக்காலத்துக்கு மிக விரைவான சிறு விமானமாக அது விளங்கியது. அந்த விரைவிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. 1930 முதல் சில ஆண்டுகளுக்குள் உலகின் பல பாகங்களில் புஸ் மோத் விமானங்கள் நடுவானிலே முறிந்து வீழ்ந்தன. 1931ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்னாபிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைகளுக்கு மேலே கொந்தளித்த காற்றில் அகப்பட்டு, கிளென் கிட்ஸ்டன் என்னும் புகழ்பெற்ற விமானி தம் தோழருடன் மாண்டார். விமானியின் தவறோ, காலத்தின் கோளாறோ என்று முதலில் பலர் எண்ணினர். ஆராய்ந்தோர் வேறு விடை கண்டனர். குழம்பிய காற்றில் விரைந்து செல்லும்போது இறக்கையும் அதனைத் தாங்கும் பாகங்களும் நடுங்கத் தொடங்கி, அந்நடுக்கம் மேலும் மேலும் வளர்ந்து முறிவில் முடிந்தது. இதற்குக் கண்ட மருந்து மிகச் சிறியது. முன்பக்கத்து முட்டுக்காலின் நடுவிலிருந்து இறக்கையின் பின் அடிவரை ஒரு சிறு துணைக்கால் பொருத்தப்பட்டது. வேறு சில திருத்தங்களும் உடன் செய்யப்பட்டன.

ஒரு முழ நீளக் கோலைப் பார்ப்போர்க்கு அதன் பின்னேயுள்ள உயிர்களின் கணக்குத் தெரிவதில்லை. பழைய விமானத்தைப் புதுக்குதல் என்பது அலங்காரமன்று என்பதற்கு அத்துணைக்காலே சான்று. இரத்மலானையில் புஸ் மோத் இறங்கிய காலத்தில் அந்நோயும் அறியப்பட்டிருந்தது; அதற்கு மருந்தும் காணப்பட்டிருந்தது.

சொந்த விமானத்தைத் தானே செலுத்துவோன் தன்னுடன் எதைக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதை 1930ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு போட்டி நன்கு காட்டும். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண் பரிசு அறிவித்திருந்தார். ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பதினேழு வயதினரான ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். இருவரும் எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானம் அங்கே முடங்கிக் கிடந்தது. அதற்கு வேண்டியவை புதிய பிளக்குகள். டாட்டாவிடம் மாற்றுப் பிளக்குகள் இருந்தன. போட்டியாளர் என்று பாராது அவற்றை அவர் கொடுத்தார். ஆஸ்பி தம்மிடமிருந்த மிதவைச் சட்டையை அவருக்கு ஈந்தார். முடிவில் சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பியே பரிசு பெற்றார். பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தளபதியாகவும் உயர்ந்தார். பரிசை இழந்த டாட்டா 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், ஒரு புஸ் மோத் விமானத்திலே கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டு சென்றார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். டாட்டாவின் விமான அஞ்சற் சேவையின் தொடக்கம் இதுவே. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள் பழுதானால் பயணமே நின்றுவிடும் என்பதை உணர்ந்திருந்த மனிதரிடமே அத்தொடக்கம் நிகழ்ந்தது என்பது நினைக்கத்தக்கது.

பறப்பதற்கு முன் செய்யப்படும் சோதனைகளும் இவ்வுணர்விலிருந்து பிறந்தவையே. 1931இல் தோன்றிய டைகர் மோத் என்னும் இரட்டைத்தட்டு விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய முறையில் அதன் காற்றாடியைக் கையாலேயே சுழற்றி இயந்திரத்தை எழுப்புவர். இயந்திரம் ஓடாத வேளையில், எரிபொருளும் தீப்பொறியும் அடைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அக்காற்றாடியை மெல்லத் திருப்பினால் நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை எதிர்த்துத் தள்ளும். ஒரு சிலிண்டர் தளர்ந்து வழிவிடுமாயின் அதன் வால்விலோ வளையத்திலோ குறையுண்டு என்று பழகிய கை அறிந்துகொள்ளும். தீப்பொறி தரும் மாக்னெட்டோ இரண்டு உண்டு. ஒன்று நின்றாலும் மற்றொன்று காக்கும். மேலெழுமுன் விமானி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, மற்றது தனித்து உழைக்கிறதா என்று கேட்டறிவான்.

இறக்கையோ மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. டோப் என்னும் பூச்சைப் பூசினால் துணி சுருங்கி மத்தளத் தோல்போல் விறைக்கும். வெயில் அத்துணியின் வலிமையை நாள்தோறும் உண்ணும். நிறம் மங்காதிருக்கும்போதே வலிமை போய்விடுவதும் உண்டு. ஆதலால் பார்வையை நம்பாது, துணியின் வலிமையை அளந்து பார்த்தே அதனை வைத்திருப்பதா களைவதா என்று முடிவு செய்வர்.

துணியைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, துணிக்குள்ளே மறைந்திருக்கும் பசை. முற்கால விமானங்களின் மரப்பாகங்கள் பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசையால் ஒட்டப்பட்டன. ஈரத்திலும் வெப்பத்திலும் பூஞ்சணம் பற்றி அப்பசை நலிந்துபோகும். பருவமழை நாடுகளில் இது சிறு குறையன்று. இக்குறைக்கு மாற்றுத் தேடியவர்களுள் நோர்மன் டி புரூயின் முக்கியமானவர். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர். தாமே விமானம் ஓட்டக் கற்றவர். ஸ்னார்க் என்னும் மரவிமானத்தைத் தாமே வகுத்து 1934இல் பறக்கவிட்டவர். 1937இல் அவர் ஏரோலைட் என்னும் செயற்கைப் பசையை வெளியிட்டார். ஈரத்தையும் பூஞ்சணத்தையும் அது நன்கு தாங்கியது.

ஆயினும் நல்ல பசை மட்டும் போதாது என்பதைப் போர்க்காலம் காட்டியது. 1944இல் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோ என்னும் மரவிமானங்கள் சில, பறக்கும்போதே முறிந்தன. வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுத்தன என்று எளிதாகச் சொல்லிவிட இடமிருந்தது. ஆனால் விசாரணை, கட்டிய இடத்திலேயே மரத்துக்கும் மரத்துக்கும் இடையே நேர்ந்த பொருத்தக் குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. காலநிலையின் மேல் பழி சுமத்துவது எளிது; மனிதக் கையின் அசட்டையைக் காண்பது அரிது. பழைய மரவிமானத்தைப் பேணுவோர் இன்றும் அதன் உள்ளறைகளை விளக்கொளியால் ஆராய்ந்து, ஐயமுற்ற இணைப்பைத் திறந்து பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

புதுக்குதலிலும் இருவகை உண்டு. ஒன்று, உள்ளதை நுணுகி அறிந்து திருத்துவது. டைகர் மோத்துக்கு உந்துவிசை தந்த ஜிப்சி மேஜர் இயந்திரத்தை 1938இல் 750 மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றாகப் பிரித்துச் செப்பனிட வேண்டியிருந்தது. 1945இல் அது 1,500 மணி நேரமாக உயர்ந்தது. தேய்மானத்தைக் கண்டு, எழுதி, அதற்கேற்ப ஒவ்வொரு பாகமாகத் திருத்தியதன் பயன் அது. மற்றொன்று, புதிய வகைக்கே மாறுவது. 1951இல் பிறந்த அரச இலங்கை விமானப் படை தன் முதற் பயிற்சி விமானமாகக் கொண்ட சிப்மங்க் உலோக உடலுடையது. பழைய விமானத்தில் புதுப்பாகம் சேர்ப்போன் மறக்கலாகாத விதி ஒன்றுண்டு. ஒரு இராத்தல் எடை கூடினாலும், அது எவ்விடத்தில் கூடியது என்பதே கேள்வி. எடையின் மையம் பின்னோக்கி நகருமாயின் நல்ல விமானமும் அடங்காத குதிரையாகும்.

இவை யாவற்றுக்கும் அடியில் ஓர் அறச்சிக்கல் கிடக்கிறது. சொந்தக்காரன் விமானியாகவும் இருப்பானாயின், பறக்க விரும்புகிறவனும் அவனே. பறக்கத்தக்கதா என்று தீர்ப்பளிக்கிறவனும் அவனே. வழக்காளியே நீதிபதியாக அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும்? நல்ல வானிலையும், காத்திருக்கும் நண்பர்களும், செலவின் அச்சமும் சேர்ந்து, இந்த ஒரு தடவை போகலாம் என்று சொல்லும். உலகம் இதனை முன்னரே உணர்ந்தது. 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் விமானத்துக்குப் பறக்கும் தகுதிப் பத்திரம் வேண்டும் என்று விதித்தது. இலங்கையில் 1950ஆம் ஆண்டின் ஆகாயப் பயணச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற பொறியியலாளரின் கையொப்பமும் விமானத்தின் பதிவேடும் சொந்தக்காரனின் விருப்பத்துக்கு வேலியாயின. பதிவேடு என்பது வெறும் ஏடன்று. விமானம் கைமாறினாலும் மாறாத நினைவு அது. அதில் ஒரு வரியை மறைப்பவன், தான் அறியாத ஒருவனின் உயிரோடு விளையாடுகிறான்.

தன் படைப்புக்குத் தானே நீதிபதியாக இருக்கும் அரிய மனத்திண்மையும் சிலருக்கு வாய்ப்பதுண்டு. இலங்கையின் ரே விஜேவர்தன அத்தகையவர். 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அவர் கேம்பிரிட்ஜில் பயின்ற பொறியியலாளர், கமத்தொழில் அறிஞர், சிறு விமானங்களைத் தாமே அமைத்துத் தாமே பறந்தவர். இளமையில் அவர் இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கிப் பெயர் பெற்றார். பின்னர், வெப்ப நாடுகளின் மண்ணுக்கு ஆழ உழுவது தீங்கு என்று கண்டு, தம் கண்டுபிடிப்பு உழவனுக்கு எதிர்பார்த்த நன்மையைத் தரவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். மண்ணைக் காக்கும் முறைகளுக்காக உழைத்தார். மழையில் மண் கரையும் மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு அதன் பொருள் விளங்கும். தன் ஆக்கத்தின் குறையைத் தானே சொல்ல வல்லவனிடத்தே விமானமும் பத்திரமாயிருக்கும்.

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், தம் முதல் அஞ்சற் பயணத்தின் பொன்விழாவாக, எழுபத்தெட்டு வயதான டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனித்துப் பறந்தார். அவர் ஏறியது லெப்பட் மோத். 1933இல் முதன்முதல் பறந்த வகை. முதியவரின் துணிவை உலகம் போற்றியது. ஆனால் அத்துணிவுக்கு அடித்தளம் அந்தப் பழைய மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, துணியைச் சோதித்து, இயந்திரத்தைச் சீர்செய்து, இது தாங்கும் என்று கையொப்பமிட்டோரின் உழைப்பேயாகும்.

இரத்மலானை விமானப் படை அருங்காட்சியகத்தில் டைகர் மோத்தும் சிப்மங்கும் இன்று காட்சிக்கு நிற்கின்றன. எல்கடுவையிலிருந்து அங்கு செல்லும் சிறுவன் ஒருவன் அவற்றின் சிறகை முதலில் பார்ப்பான், அது இயல்பு. அவனுடைய பாட்டன் ஸ்டோரில் வேலை செய்தவராயின், அவர் கண் ஆணியையும் இணைப்பையும் எண்ணெய் கசிந்த தடத்தையும் தேடும். பறப்பதன் வரலாற்றை முழுமையாக அறிய இருவர் பார்வையும் வேண்டும்.