யாழ்ப்பாண வளவுகளில் சுவாலையால் களை அடக்குதல்: பயனும் எல்லையும் பாதுகாப்பும்

1. ஆய்வின் பொருள்

யாழ்ப்பாணத்து வளவுகளில் களை எடுப்பதென்றால் உழவாரத்தால் செருக்குவதுதான். செருக்கிய புல்லை மண் தட்டி மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுவார்கள். ஆகவே களை முழுக்க எதிரியாக இருந்ததில்லை; பாதி தீனியாகவே இருந்தது. கால்நடை இல்லாத வீடுகள் பெருகி, கூலிக்கு ஆள் பிடிப்பதும் கடினமான பிறகு அந்த இடத்துக்குக் களைநாசினி வந்தது. பராகுவாட் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2021 மே மாதம் இரசாயன உரமும் விவசாய நாசினிகளும் இறக்குமதி செய்வதே நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. இத்தனை திருப்பங்களைக் கண்ட வளவுக்காரர் வேறு வழி தேடுவது இயல்பே. அவ்வழிகளில் ஒன்று களையைச் சுவாலையால் சுடுவது.

கிணற்றுத் தண்ணீரும் இங்கே ஒரு காரணம். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். மேலே ஊற்றுவது அதிகம் வடிபடாமல் நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகத்தில் 2014, 2015 ஆண்டுகளில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பின் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காஸில் எரியும் சுவாலை நிலத்தில் எதையும் விட்டுச்செல்வதில்லை. மண்ணெண்ணெயில் எரியும் கருவியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதில் சிந்துவது கிணற்றுக்கே போகும். ஆகவே இக்கட்டுரை காஸ் சுவாலைக்குழலை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இங்கே நிறுவ முனைவது ஒன்று: சுவாலை நன்றாக வேலை செய்யும் காலமும் ஆபத்துக் குறைந்த காலமும் குடாநாட்டில் ஒன்றே. சோளகம் வீசும் வரண்ட மாதங்களில், இடுப்பளவு வளர்ந்து காய்ந்த பற்றையைக் கொளுத்த இக்கருவியை எடுப்பவர் களையையும் அடக்கமாட்டார், வேலியையும் காப்பாற்றமாட்டார்.

2. சுவாலை களையைக் கொல்லும் விதம்

அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜோன் ஏ. கிரெய்க் 1852இல் கரும்பு வயலுக்கென ஒரு சுவாலைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1940கள் முதல் அந்நாட்டுப் பருத்தி வயல்களில் திரவ வாயுக் கருவிகள் பரவின; மலிவான களைநாசினிகள் வந்ததும் ஒதுக்கப்பட்டன. பிறகு ஐரோப்பாவின் இயற்கை விவசாயிகள் கரட், வெங்காயப் பாத்திகளுக்காக இம்முறையை மீண்டும் எடுத்தார்கள்.

புதிதாகப் பிடிப்பவர் எல்லோரும் செய்வது களை கருகும்வரை சுடுவது. அது தேவையே இல்லை. இலைக்குள் இருக்கும் நீர் சடுதியாகச் சூடேறி விரிய, கலத்தின் மென்சவ்வு கிழிகிறது, புரதம் உறைகிறது. இதற்கு ஒரு நொடிக்கும் குறைந்த சூடு போதும். சுவாலை கடந்துபோன இலை பச்சையாகவே நிற்கும். பளபளப்பு மட்டும் மங்கி, சற்றுக் கரும்பச்சையாகத் தெரியும். அந்த இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக நசுக்கிப் பார்க்க வேண்டும். விரல் பட்ட இடம் ஈரம் ஊறிய கறுப்புத் தடமாக நின்றால் வேலை முடிந்தது. சில மணி நேரத்தில் செடி துவளும், ஓரிரு நாளில் காயும். தடம் விழவில்லையென்றால் நடையைக் குறைக்க வேண்டும்.

அப்படி நடக்கும் வேகத்தில் மண்ணின் மேல் சில மில்லிமீற்றர்தான் சூடேறும், மண்புழுவுக்குக் கேடில்லை. ஒரே இடத்தில் நின்று சுட்டால் கதை வேறு.

3. எந்தக் களைக்கு, எந்தக் களைக்கல்ல

இரண்டு மூன்று இலை விட்ட அகன்ற இலைக் கன்றுகளே சுவாலைக்கு உரியவை. குப்பைமேனி, நாயுருவி போன்றவற்றின் வளர்நுனி நிலத்துக்கு மேலே வெளிப்பட்டு நிற்பதால் ஒரே சூட்டில் போய்விடும். சதைப்பற்றான சாரணைக்குக் கூடிய சூடு வேண்டும்.

புற்களின் வளர்நுனி மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ ஒளிந்திருக்கும். அறுகின் ஓடுதண்டு மண்ணுக்குள் கிடக்க, மேலே எரிந்தது பத்து நாளில் திரும்ப முளைக்கும். கோரைக்கு இந்தக் கருவி ஒன்றுமே இல்லை. அதன் கிழங்கு சங்கிலி சங்கிலியாக மண்ணுக்குள் போகிறது. இலையை எத்தனை முறை சுட்டாலும் கிழங்கில் சேமிப்பு இருக்கும்வரை எழும்பும். செம்பாட்டு மண்ணில் கோரையை மண்வெட்டியால் கிளறிக் கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயவிடுவதுதான் இன்றும் சரியான வழி. காஸ் செலவழித்துக் கோரையோடு மல்லுக்கட்டுவோரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

பார்த்தீனியம் தனியே பேச வேண்டியது. 1999இல் வவுனியாவில் பதிவான இக்களை, 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதி காக்கும் படையின் வழியே நாட்டுக்குள் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு செடியே பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். கன்றாக இருக்கும்போது சுவாலை அதைக் கொல்லும். இலைகள் தரையோடு படர்ந்த பின் நடுக்குருத்து தப்பி மீண்டும் துளிர்க்கலாம். பூத்துவிட்டால் சுவாலையைத் தொடவே கூடாது: உதிர்ந்த விதை மண்ணில் பத்திரமாகக் கிடக்கும், செடியின் துகளும் புகையும் ஒவ்வாமை உள்ளவர்களைப் பாடாய்ப்படுத்தும். கையுறை போட்டுப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவதே நல்லது.

சின்ன வெங்காயம் பற்றிக் கேள்வி வரும். ஐரோப்பாவில் வெங்காய விதை முளைத்து வெளிவரும் முன், களை மட்டும் முளைத்திருக்கும் அந்த இடைவெளியில் சுடுவார்கள். நம்மவர் நடுவது குமிழ். அது ஒரு வாரத்துக்குள் தளிர்த்துவிடும், இடைவெளி இல்லை. செய்யக்கூடியது ஒன்றுண்டு: பாத்தி கட்டி, தண்ணீர் இறைத்து, களையை முளைக்கவிட்டுச் சுட்டுவிட்டு, மண்ணைக் கிளறாமல் குமிழை நடலாம்.

4. காஸ் கணக்கு

சுவீடனின் யோகன் அஸ்கார்ட் 1990களில் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு இலைக்குட்பட்ட மென்மையான களைக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 50 கிலோ புரொப்பேன் போதும். நான்கு முதல் பன்னிரண்டு இலை விட்டவற்றுக்கு 50 முதல் 200 கிலோ வரை வேண்டும். நமது அளவில், ஒரு பரப்புக்குக் கன்றுக்களை என்றால் அரைக் கிலோ முதல் ஒன்றேகால் கிலோ. வளர்ந்துவிட்டால் ஐந்து கிலோ வரை. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முதல் வகையில் பத்துப் பரப்பையாவது முடிக்கும். இரண்டாம் வகையில் இரண்டரைப் பரப்பிலேயே தீர்ந்துபோகலாம். இவை இயந்திரத்தால் சீரான வேகத்தில் செய்த சோதனைகள். கையால் வீசும்போது கூடவே ஆகும். 2022இல் ஒரு சிலிண்டருக்காக வரிசையில் காத்துக்கிடந்தவர்கள் பற்றையைக் கொளுத்த காஸ் செலவழிப்பார்களா என்பது வேறு கேள்வி.

5. ஆபத்தும் காப்பும்

5.1 காற்று, வேலி, பனை

வைகாசி தொடங்கிச் சோளகம் ஓயும்வரை குடாநாட்டில் சுவாலைக்குழல் எடுக்கவே கூடாது. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இன்னும் எல்லா ஒழுங்கைகளிலும் மறைந்துவிடவில்லை. பனையின் அடியில் கருக்குமட்டை ஒட்டிக்கிடக்கும்; மேலே காவோலை தொங்கும். அடியில் பற்றிய நெருப்பு வட்டுக்கு ஏற அதிக நேரம் எடுக்காது. தும்பிலும் சருகிலும் விழுந்த பொறி வெளியே தெரியாமல் கனன்று, ஆள் வீட்டுக்குள் போனபின் எழும்பும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைக் கவனித்து, சந்தேகமான இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொடங்கும் முன்பே தண்ணீர்க் குழாய் இழுத்து, வாளி நிரப்பி வைத்திருப்பது கட்டாயம். வேலியிலிருந்து சில மீற்றருக்கு உழவாரமே போதும்.

வேலியோரத்து அலரியைச் சுடாதீர்கள். அதன் புகை நஞ்சு. நிலத்தில் ஓடும் பி.வி.சி. குழாயையும் மோட்டர் வயரையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5.2 கிணறு

காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது. தாழ்ந்த இடம் தேடி ஓடும். யாழ்ப்பாணத்து வளவில் தாழ்ந்த இடம் என்றால் கிணறு, மலகூடக் குழி, வாய்க்கால். கிணற்றடியின் புல்லைச் சுடுவதற்கு இக்கருவி வசதியாகத் தோன்றும். ஆனால் சிலிண்டரைக் கிணற்றுக்கட்டோடு ஒருபோதும் வைக்கக் கூடாது.

5.3 சிலிண்டரும் இணைப்பும்

வீட்டு அடுப்பு றெகுலேற்றர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்துக்குரியது. களைச் சுவாலைக்குழலுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு பார் வரை வேண்டும். அடுப்பு றெகுலேற்றரில் சுவாலை சோர்ந்துபோக, சிலர் அதைக் கழற்றிவிட்டுக் குழாயை நேரே பூட்டுகிறார்கள். இக்கட்டுரையில் சொல்லப்படும் தவறுகளில் இதுதான் மிக மோசமானது. உயர் அழுத்த றெகுலேற்றர், அதற்குரிய தடித்த குழாய், கைப்பிடியிலேயே மூடும் வால்வு மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது சமையல் காஸ் கலவையில் புரொப்பேனின் பங்கு பெரிதாகப் பேசப்பட்டது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பழைய குழாய் அதைத் தாங்காது.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சரித்து இழுத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவம் குழாயில் இறங்கும். திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரிவதால் சுவாலை திடீரென ஆளுயரம் எழும்பலாம். சின்னச் சிலிண்டரைச் சில்லு வண்டியில் நிமிர்த்திக் கட்டுவது நல்லது.

உடுப்பைப் பொறுத்தவரை சாரமும் செருப்பும் ஆகாது. பருத்தி நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி வேண்டும். ஈரமான சுண்ணக்கல்லிலோ சீமெந்திலோ சுவாலையை நிறுத்திப் பிடித்தால் சில்லுத் தெறிக்கும்.

5.4 வெடிபொருள்

வேறு ஊர்களின் கைநூல்களில் இந்தப் பகுதி இருக்காது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் பல பதிற்றாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. குடாநாட்டின் கழுத்தான முகமாலையில் கண்ணிவெடி மிக அடர்த்தியாகப் புதைக்கப்பட்டிருந்தது. ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இலங்கையில் கண்ணிவெடி அகற்றுகிறது. 2017 டிசம்பரில் இலங்கை, கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. திரும்பி வந்தவர் முதலில் செய்ய நினைப்பது வீட்டுக்கல் தெரியாமல் மூடிய பற்றையை எரிப்பதே. வெடிக்காத எறிகணையும் மிதிவெடியும் சூட்டில் வெடிக்கும். துப்புரவாக்கப்பட்டதென்று உறுதிசெய்யப்படாத காணியில் சுவாலையும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். சந்தேகமான இரும்பு எதையும் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

6. காலமும் இடமும்

ஐப்பசியில் காலபோக மழை விழுந்து ஒரு வாரத்தில் முற்றமெங்கும் கன்று முளைக்கும். அப்போது மண் ஈரம், வேலி ஈரம், சருகு ஈரம். இரு பருவக்காற்றுகளுக்கும் இடையிலான நாட்களில் காற்றும் மெல்லியது. களையோ இரண்டிலைப் பருவத்தில் நிற்கிறது. இலையில் தண்ணீர் படிந்திருந்தால் சூட்டின் பெரும்பங்கு அதை உலர்த்தவே போய்விடும். ஆகவே பனி உலர்ந்தபின், மழைக்கு இடையில் ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சல்லிக்கல் பாதை, சீமெந்துப் பொருத்து, மதிலடி, கோயில் வீதியின் கற்களுக்கு இடையே என்று உழவாரம் நுழையாத இடங்களே இதற்குரிய இடங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, புதிதாக முளைத்தவற்றுக்கு இன்னொரு முறை நடக்க வேண்டும். அந்த முறை காஸ் குறையவே செலவாகும்.