காகிதப் பாப்பியும் எம்டன் கப்பலும்

ஏப்ரல் வந்தால் சிட்னியில் இலையுதிர்கால விடுமுறை. சிவப்புக் காகிதம், கறுப்புப் பொத்தான், பசை எல்லாம் மேசைக்கு வந்துவிடும். ஏப்ரல் 25 ஆன்சாக் தினம் அல்லவா? அதற்காகப் பாப்பிப் பூ செய்வோம். நீங்களும் செய்திருப்பீர்கள். 1921இல் இந்த நாட்டில் முதன்முதலாக விற்ற பட்டுப் பாப்பிகள், பிரான்சின் அநாதை இல்லங்களில் செய்யப்பட்டவை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது வகுப்பில் பாப்பி செய்தோம். "உங்கள் குடும்பத்தில் போருக்குப் போனவர் பெயரை இதழில் எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். பக்கத்துப் பையன் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதினான். நான் எதுவும் எழுதவில்லை. இது நம்முடைய கதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் குறும்பு செய்யும்போதெல்லாம் பாட்டி, "சரியான எம்டன்டா நீ!" என்பார். அந்தச் சொல்லுக்குள் ஒரு கப்பல் இருப்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். பயந்துபோன மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் இதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அன்றிலிருந்து, யாருக்கும் பிடிபடாத தந்திரசாலிக்குத் தமிழில் எம்டன் என்று பெயர்.

அந்தத் தந்திரத்தில் ஒரு கைவேலையும் உண்டு! எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அதன் மாலுமிகள் கித்தான் துணியால் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டார்கள். அப்படித்தான் அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள்.

நவம்பர் 9 அன்று எம்டன் கோகோஸ் தீவுகளுக்கு வந்தது. அங்கிருந்த தந்தி நிலையம் உதவி கேட்டுச் செய்தி அனுப்பியது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல்கள் அப்போது பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காவலாகச் சென்ற ஒரு கப்பல் திரும்பி வந்து எம்டனை வீழ்த்தியது. அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? சிட்னி! அதில் 4 பேர் இறந்தார்கள். எம்டனில் இறந்தவர்கள் நூறு பேருக்கும் மேல்.

அப்படித் தப்பிப் போன வீரர்களில் பலர்தான் 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்போலியில் கரையிறங்கினார்கள். அதே நாளில் இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் கோவேறு கழுதைகளோடு அங்கே இறங்கினார்கள்.

சிட்னி கப்பலின் பாய்மரக் கம்பம் இன்று டரோங்கா மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில், பிராட்லிஸ் ஹெட்டில் நிற்கிறது. எம்டனின் பீரங்கி ஒன்று ஹைட் பார்க்கில் இருக்கிறது. விடுமுறையில் அப்பா அம்மாவோடு போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலிப் பால் அட்டைப்பெட்டியில் ஓர் எம்டன் செய்யுங்கள். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்கள்தான் புகைபோக்கி. மூன்றை ஒட்டுங்கள், நான்காவதை மட்டும் கழற்றி மாட்டும்படி வையுங்கள்.

போன வருடம் என் மகளும் பாப்பி செய்தாள். "இதில் யார் பெயரை எழுதட்டும், அப்பா?" என்று கேட்டாள். கப்பல் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதழில் தமிழில் எழுதினாள்: "சென்னை, 22.9.1914."

எழுதி முடித்து, "மெட்ராஸ் என்று எழுதணுமோ?" என்று கேட்டாள். அவளும் சரியான எம்டன்தான்.