சக்கரத்துக்குள் ஒரு மின்னோடி

கொடைக்கானலுக்கு மின் மிதிவண்டியில் ஏற முடியுமா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்; கணக்கிட்டே பார்த்துவிடுவோம். வத்தலக்குண்டிலிருந்து ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், தேவையான வேலை 100 × 9.8 × 1,800. அதாவது சுமார் 17.6 இலட்சம் ஜூல். வீட்டு மீட்டரின் கணக்கில் இது அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு! உருளல் தடை, காற்றுத் தடை, மின்னோடியின் இழப்பு எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு யூனிட்தான். மோட்டார் சாலை இல்லாத காலத்தில் டோலி தூக்கிகளின் தோள்கள் செய்த வேலை, மின்சாரக் கணக்கில் இத்தனை சிறியதாகிவிடுகிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஆற்றலில் அன்று, விசையில். இதைப் புரிந்துகொள்ள, மின்னோடியைச் சக்கரக் குடத்துக்குள்ளேயே வைத்துவிட்ட ‘ஹப் மோட்டாரின்’ வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. மிதிவண்டியின் பின்சக்கரக் குடத்தில் மின்னோடி. பல்சக்கரம் எதுவும் கிடையாது. 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை அது இழுக்கும் என்று குறித்திருந்தார். 100 ஆம்பியர்! அத்தனை மின்னோட்டத்தைக் கம்பியும் பிரஷ்ஷும் தாங்க வேண்டாமா?

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு மோட்டார் வண்டி வைக்கப்பட்டது. வியன்னாவின் லோனர் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் அமைத்தது. முன்சக்கரங்கள் இரண்டிலும் மின்னோடிகள். அதே ஆண்டில் அவர் இவ்வகை வண்டியொன்றைச் செம்மரிங் மலைச்சாலையில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றிக் காட்டினார். ஆனால் ஈய மின்கலத்தின் பளு அவ்வண்டிகளைப் பின்தங்க வைத்தது, பெட்ரோல் வென்றது. 1971-இல் அப்போலோ-15 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்திக்கும் நான்கு சக்கரங்களிலும் தனித்தனி மின்னோடிகள் இருந்தன. அவை கால் குதிரைத் திறன் கொண்டவையே. ஆனால் ஒவ்வொன்றும் 80 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சிறிய மின்னோடியைக் கொண்டு பெரிய விசை பெறும் வழி இதுதான்.

இனி நம் மலைச்சாலைக்கு வருவோம். 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்வு என்று கொள்ளுங்கள். 100 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை 65 நியூட்டன். உருளல் தடை முதலியவற்றையும் கூட்டினால் 75. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 250 வாட் தேவை. சக்கரமோ நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். மின்னோடியின் திருப்புவிசை மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். விசை இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. சமவெளியில் குளிர்ச்சியாக ஓடும் மின்னோடி கொண்டை ஊசி வளைவில் கருகுவதன் இரகசியம் இதுவே.

உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டாரில் சுழலி ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு திருப்புவிசை தந்தாலே போதும். சிறிய உருவம், குறைந்த எடை. மலையேற இதுவே ஏற்றது என்பது என் கருத்து. மிதிகட்டை அருகே மின்னோடியைப் பொருத்தி, சங்கிலி வழியே வண்டியின் கியர்களையே பயன்படுத்துவது இன்னும் நல்லது, செலவுதான் கூடும். ஓசூரிலேயே இவ்விரு கொள்கைகளுக்கும் சான்று உண்டு: டி.வி.எஸ். ஐக்யூப் ஸ்கூட்டரில் மின்னோடி சக்கரக் குடத்தில். ஏதர் ஸ்கூட்டரில் அது சட்டத்தில் அமர்ந்து பெல்ட்டால் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

இந்திய விதிப்படி, மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாமலிருக்க வேண்டுமானால், அதன் மின்னோடியின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அதன் உதவி நின்றுவிடவும் வேண்டும். நம் ஏற்றமோ அரை மணியில் முடியாது. பல மணி நேரம் நீளும். ஆகவே கடைக்காரர் சொல்லும் வாட் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். தொடர்ந்து எத்தனை நியூட்டன்-மீட்டர் தாங்கும் என்று கேளுங்கள். மேற்சொன்ன சாய்வுக்கு 25 வேண்டும். மிதித்து உதவினால் சற்றுக் குறையும்.

இறங்கும்போது கதை மாறுகிறது. ஏறச் செலவிட்ட அரை யூனிட் இப்போது வெப்பமாக வேண்டும். ஐந்து லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது! ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொண்டாலும் மீதி பிரேக் கட்டைகளின் தலையில்தான். பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார் இங்கே கைகொடுக்கும்; அது டைனமோவாக மாறி, வண்டியைத் தடுத்து, மின்கலத்துக்கு ஆற்றலைத் திருப்பித் தரும். பல்சக்கர வகையில் பெரும்பாலும் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் இது இயலாது. அதை வாங்குவோர் நல்ல டிஸ்க் பிரேக்குகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பல்சக்கரம் இல்லாத வகையை வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் விடுதியில் இரவு முழுவதும் மின்னேற்றி, நிரம்பிய மின்கலத்தோடு காலையில் இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் ஆற்றலை வாங்க அதில் இடமே இராது. கட்டுப்படுத்தி அந்தத் தடுப்பு விசையை நிறுத்திவிடும். பாதியளவு மட்டும் மின்னேற்றிக்கொண்டு இறங்குங்கள்.