புள்ளியைத் தின்ற உருளை

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, விடுதி சாம்பாரையும் செமஸ்டர் அரியரையும் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் எழுத நினைத்தது ஓர் அழைப்பிதழைப் பற்றி. 2009-ஆம் ஆண்டு, நான் இறுதியாண்டு படித்தபோது, நம் மெக்கானிக்கல் துறை நடத்திய கருத்தரங்கின் அழைப்பிதழ் அது.

ஆஃப்செட்டில் அடிக்கக் கையில் காசு போதவில்லை. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய டிரெடில் மெஷின் வைத்திருந்த ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். பில் புத்தகம், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்த சின்னக் கடை. கருத்தரங்குக்கு மூன்று நாள் இருக்கும்போது புரூஃப் பார்க்கப் போனேன். தாளின் வலது பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. இடது பக்கம் வெளிறிக் கிடந்தது. இரண்டாவது வரி ‘கல்விக் கருத்தரங்கம்’ என்று தொடங்க வேண்டும். அதில் ‘ல்’ மேல் இருந்த புள்ளி விழவே இல்லை. புள்ளி போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போக முடியுமா?

கடைக்காரர் மெஷின்மேன் மேல் பாய்ந்தார். அறுபதைத் தாண்டிய பெரியவர். “கண்ணு தெரியல உனக்கு. இந்த வேலையோட நின்னுக்கோ” என்று வாடிக்கையாளர் முன்பே சொல்லிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற மிதப்பில், “மை போதலைண்ணே, இன்னும் கொஞ்சம் வைங்க” என்று என் பங்குக்கும் சொன்னேன். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் வைத்தார். வலது பக்கத்தில் ‘ஞ’வின் வளைவெல்லாம் மையால் அடைபட்டது. இடது பக்கத்தில் புள்ளி அப்போதும் வரவில்லை. “பாருங்க தம்பி, மையைக் கூட்டினா கறுப்பு கூடுது. புள்ளி வரலை” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் புரிய அச்சின் கதையில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் மாவட்டத்து நடுகற்களை தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். கல்லில் வெட்டிய எழுத்துக்கு மையே வேண்டாம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைப்பார்கள். கரி பள்ளத்தில் தங்கும், மேலே உள்ளது துடைபடும். அதனால் மை கூடிற்று, குறைந்தது என்ற பேச்சுக்கே அங்கு பெரிய இடமில்லை. அச்செழுத்து இதற்கு நேர்மாறு. அங்கே மை மேட்டில் நிற்க வேண்டும். ஒரே உயரமுள்ள நூற்றுக்கணக்கான ஈய எழுத்துகளின் தலையில், ஒரே கனத்தில் மெல்லிய மைப்படலம் படிய வேண்டும். அச்சுத்தொழிலின் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

தமிழுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். அச்சு வந்து நிலைபெற்ற பிறகுதான் மெய்யெழுத்துப் புள்ளி எல்லா இடத்திலும் தவறாமல் வரத் தொடங்கியது. அத்தனை பாடுபட்டு வந்த புள்ளியை மை சரியாகப் படியாத ஓர் உருளை ஒரு நொடியில் தின்றுவிடும்.

தமிழில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது. 1712-13-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் காலத்தில் அச்சுக்கூடம் அமைந்து, 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வந்தது. அந்தக் காலத்தில் உலகெங்கும் அச்சுக்கூடங்களில் உருளை கிடையாது. கைப்பிடி போட்ட இரண்டு தோல் பந்துகள்தான். உள்ளே கம்பளி மயிரோ குதிரை மயிரோ அடைத்திருக்கும். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி, விளக்குக் கரி சேர்த்த மையை அவற்றில் எடுத்து, ஒன்றோடொன்று தேய்த்து, எழுத்தின் மேல் தட்டுவார்கள். ஒருவர் மை தட்ட, இன்னொருவர் அழுத்துக் கம்பியை இழுக்க வேண்டும். தோல் விறைக்காமல் இருக்க அதைச் சிறுநீரில் ஊறவைப்பது ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் வழக்கம். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தின் வாசனையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்!

பந்து தட்டுகிறவரின் கை சற்றுத் தவறினால் ஓரிடம் கறுக்கும், ஓரிடம் வெளுக்கும். லண்டனைச் சேர்ந்த ஜோசப் மாக்ஸன் 1683-ல் அச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், இந்தக் கறுப்புத் திட்டுக்கு ‘மாங்க்’ என்றும் வெள்ளைத் திட்டுக்கு ‘ஃப்ரையர்’ என்றும் தொழிலாளர் வைத்த பெயர்களைக் குறித்திருக்கிறார். இரண்டும் துறவிகளைக் குறிக்கும் சொற்கள். ஆக, எங்கள் அழைப்பிதழில் வலது பக்கம் ஒரு துறவியும் இடது பக்கம் ஒரு துறவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்குத் தீர்வு தேடித்தான் உருளை வந்தது. முதலில் தோலைத் தைத்து உருளை செய்து பார்த்தார்கள். தையல் உள்ள இடம் காட்டிக்கொடுத்தது. 1810-களில் இங்கிலாந்தில், வஜ்ஜிரத்தையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்து உருக்கி, தையலே இல்லாமல் உருளை வார்க்கக் கற்றார்கள். 1814 நவம்பர் 29 அன்று, கோனிக் என்ற ஜெர்மானியர் செய்த நீராவி இயந்திரத்தில் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை மணிக்கு 1,100 தாள் வேகத்தில் அச்சானது. அந்த வேகத்துக்குப் பந்து தட்டிக் கட்டுப்படியாகுமா? உருளையால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று.

உருளையும் புதிய வியாதிகளைக் கொண்டுவந்தது. வஜ்ஜிர உருளை மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும், குளிரில் சுருங்கி இறுகும், வெயிலில் இளகி உருகும். இங்கிலாந்திலேயே கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று தனித்தனி உருளைகள் வைத்திருந்தார்கள். பின்னாளில் ரப்பர் உருளை வந்தது. அது உருகாது, ஆனால் வருடக்கணக்கில் இறுகி, பளபளத்து, சுருங்கும்.

1835-ல் மெட்காஃப் காலத்துச் சட்டத்தால் அச்சகங்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 1850-களில் நியூயார்க்கைச் சேர்ந்த கார்டன் வடிவமைத்த மிதி இயந்திரம்தான் நாம் டிரெடில் என்கிற வகையின் மூதாதை. கரண்ட் இல்லாத ஊரிலும் காலால் மிதித்து ஓட்டலாம் என்பதால் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் அச்சு போய்ச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து நம் மாவட்டம் உருவானபோதும் சிற்றூர் அச்சகம் என்றால் டிரெடில்தான்.

இனி அந்தச் சந்துக்குத் திரும்புவோம். பெரியவர் முதலில் எழுத்துப் பூட்டிய சட்டத்தை, அதாவது சேஸை, தலைகீழாகத் திருப்பிப் போட்டு ஒரு தாள் அடித்தார். எழுத்து இடம் மாறியது, வெளிறல் இடம் மாறவில்லை. “எழுத்து மேல குத்தம் இல்லை, மெஷின் மேலதான்” என்றார். பிறகு தாளைத் திருப்பி என் விரலைப் பிடித்து முதுகுப் பக்கம் தடவச் சொன்னார். எழுத்துப் பதிந்த தடம் இரண்டு பக்கமும் ஒரே ஆழம். அழுத்தத்திலும் குறையில்லை. மிச்சம் இருப்பது உருளைதான். உருளையை எழுத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காகிதக் கீற்றைச் செருகி இழுக்கச் சொன்னார். வலது கீற்று இறுகப் பிடித்தது. இடது கீற்று வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தது. ஃபீலர் கேஜ் என்று நாங்கள் லேபில் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்ததை அவர் காகிதக் கீற்றில் செய்து காட்டினார்!

உருளையின் இரு முனையிலும் சின்னச் சக்கரங்கள் உண்டு. அவை தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டைகளின் மேல் ஓடும். சக்கரத்தின் விட்டமும் உருளையின் விட்டமும் ஒன்றாக இருந்தால்தான் உருளை எழுத்தைத் தொட்டும் தொடாமலும் வழுக்காமல் உருளும். அந்த மெஷினில் ரப்பர் சுருங்கிப்போய், உருளை சக்கரத்தைவிடச் சிறியதாகியிருந்தது. அதனால் இடது பக்கம் எட்டவில்லை. வலது பட்டையோ பல வருட ஓட்டத்தில் தேய்ந்து பள்ளமாகி, அங்கே உருளையை எழுத்தோடு அழுத்திவிட்டது. இரண்டு நோய். ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

பெரியவர் தேய்ந்த பட்டையில் டேப் ஒட்டி உயர்த்தினார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிறியது. “இப்ப ஒரே நோய்தான் தம்பி. சக்கரத்தைக் கடையணும். உங்க காலேஜ்ல லேத் இருக்குதில்ல?” என்று கேட்டார். ஆறு சக்கரங்களைத் துண்டில் முடிந்து கொண்டுபோனேன். நம் ஒர்க்‌ஷாப்பில் வெர்னியரில் அளந்து, உருளையின் விட்டத்துக்கு ஒவ்வொன்றையும் கடைந்தோம். மறுநாள் மதியம் மாட்டி ஓட்டினார். மையைக் குறைத்தே வைத்தார். புள்ளி வந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு டீ சொல்லியனுப்பினார். பெரியவரை நிறுத்தும் பேச்சு அத்தோடு நின்றது.

இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அறிகுறியைப் பார்த்த உடனே மையை ஊற்றாதே, முதலில் திருப்பிப் போட்டுப் பார் என்பதைத்தான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான்கு வருடம் படித்ததில் இல்லாத பாடம் அது என்று சொல்லமாட்டேன். பாடத்தில் இருந்தது, அதன் பயன் எனக்கு அந்தச் சந்தில்தான் தெரிந்தது.

அந்தக் கடை இப்போது இல்லை. மெஷின் எடை போட்டுப் பழைய இரும்புக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டேன். நம் மாவட்டத்தில் எங்காவது ஒரு டிரெடில் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கலாம். கண்ணில் பட்டால் சொல்லுங்கள். நாம் நாலு பேர் சேர்ந்து வாங்கி நம் ஒர்க்‌ஷாப்பில் அந்த லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். அடுத்த கருத்தரங்கின் அழைப்பிதழை மாணவர்களே அதில் அடிக்கட்டும். ‘கல்வி’யின் புள்ளி விழுகிறதா என்று நான் வந்து பார்க்கிறேன்.