வெள்ளத்தில் தப்பிய நாய்கள்



செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். யாரோ அடித்துக் காலை முறித்த தெருநாயைத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்திருக்கிறார். கால் கூடிவிட்டது. ஆனால் இருபது நாளாகியும் நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறதாம். கையை நீட்டினால் நடுங்கி, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறதாம். “சோறு போடுற கையைக்கூட நம்பாதா சார்?” என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும். பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் யாரும் பாவ்லோவின் நாயைப் படிக்காமல் தேர்வெழுதியிருக்க முடியாது. சோற்றோடு சேர்த்து மணியடித்துப் பழக்கினால், பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும். பாடம் அதோடு முடிந்துவிடும். அந்த நாய்கள் ஒரு வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கதையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கோ மணியைவிட அதுதான் பெரிய பாடமாகப் படுகிறது.

1924 செப்டம்பர் 23. ரஷ்யாவின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. ஆய்வுக்கூட நாய்களின் கூண்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்கள் போய் அவற்றை மீட்டு, தண்ணீரில் நீந்தவைத்து மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்த நாய்களை மறுபடி சோதனைக்கு நிறுத்தினால், சிலவற்றுக்குக் கற்றது எல்லாம் போயிருந்தது. பழகிய சத்தத்துக்கு எச்சில் ஊறவில்லை.

அப்போது ஸ்பெரான்ஸ்கி என்ற உதவியாளர் ஒன்றைக் கவனித்தார். வழக்கமாகச் சோதனை நடக்கும்போது நாய் ஓர் அறையில் தனியாக நிற்கும், சோதனை செய்பவர் வெளியே இருப்பார். இவர் உள்ளே போய் நாயோடு உட்கார்ந்துகொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. நாய்க்குப் பழைய பழக்கங்கள் திரும்பின. எழுந்து வெளியே போனால் மறுபடி மறைந்தன. இன்னொன்றும் செய்துபார்த்தார்கள். ஆள் இல்லாமல், அவருடைய துணியை மட்டும் நாயின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்கள். அந்த வாசனையே போதுமானதாக இருந்தது!

பிறகு, நாய் முழுக்கத் தேறிவிட்டது என்று நினைத்த சமயத்தில், கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். பழைய பயம் அப்படியே திரும்பிவிட்டது. கன்னத்தில் துளை போட்டு எச்சில் அளந்த அந்த ஆய்வுகளில் எனக்கு வருத்தம் உண்டு. பாவ்லோவுக்கும் உறுத்தியிருக்குமோ என்னவோ, 1935இல் அவருடைய ஆய்வு நிலைய வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

அதே 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். பீட்டருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில், கூண்டில் முயலைத் தூரத்தில் வைப்பார்கள். அவன் அழாத தூரம் எதுவோ அதுதான் அன்றைய அளவு. நாள் போகப்போகக் கூண்டு நெருங்கி வந்தது. கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான்.

ஆக, என் மாணவருக்குச் சொன்னது இதுதான். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதே. உற்றுப் பார்க்காதே. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படி. சோற்றுத் தட்டு அது பயப்படாத தூரத்தில் இருக்கட்டும், நாளுக்கு ஒரு சாண் நகர்த்து. நீ உடுத்திய பழைய லுங்கியைத் துவைக்காமல் அதன் பக்கத்தில் போடு. தீபாவளி வெடிக்கு மறுபடி பதுங்கினால் மனம் உடைந்துபோகாதே, கதவிடுக்குத் தண்ணீரை நினைத்துக்கொள். நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம் போட்டுவிடு. கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

நம் மாநிலத்திலும் இந்தக் கதையில் ஒரு வெள்ளம் உண்டு. 1959இல் சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் மீட்டார். அவரும் மனைவி உஷாவும் விமானிகள். அப்படிப் பிறந்ததுதான் ப்ளூ கிராஸ் அமைப்பு. அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துப்போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. என் சின்ன வயதில் நாய் பிடிக்கும் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நாய்கள் சந்துக்குள் ஓடி ஒளிவதைப் பார்த்திருக்கிறேன். பாவ்லோவின் மணியேதான், சோற்றுக்குப் பதில் சுருக்குக் கம்பி.

கொல்வதை நிறுத்துங்கள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணாவும் மற்றவர்களும் 1960களிலிருந்தே கேட்டுவந்தார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். 2001இல் நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. நாயின் காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அடையாளம். அதே தெரு என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிடிபட்டுப் பயந்த நாய்க்குத் தெரிந்த முகமும் தெரிந்த வாசனையும் அங்கேதான் இருக்கின்றன.

2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மாடியிலிருந்து தூக்கி எறிந்ததும், இன்னொருவர் அதைப் படம் பிடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் வெறும் 50 ரூபாய். சில நாள் கழித்துத் தேடிப்போனவர்கள் அதை உயிரோடு கண்டார்கள். கால் முறிந்து, முதுகெலும்பிலும் அடி. அந்த நிலையிலும் மனிதர்களைப் பார்த்து வாலை ஆட்டியதாம். பத்ரா என்று பெயர் வைத்து, மீட்டவர்களில் ஒருவரே வீட்டில் வைத்து வளர்த்தார்.

எல்லா நாய்க்கும் பத்ராவின் மனசு வாய்க்காது. கட்டிலடி நாய்க்கு இன்னும் எத்தனை நாளாகுமோ தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி வந்து சேர்ந்த நாய் இருந்தால், பக்கத்தில் வர எத்தனை நாள் எடுத்துக்கொண்டது என்று கீழே எழுதுங்கள். அந்த மாணவரும் படிப்பார்.